தீர்ப்புச் செய்தி வாட்ஸாப்பில் வந்தால் எப்படிப் படிப்பது? தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்காக

கடந்த சில ஆண்டுகளில் தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் நம் வீட்டு விஷயங்களில் நிறையத் தீர்ப்பு சொல்லிவிட்டன. கல்யாணம், விவாகரத்து, சொத்து, குடியுரிமை, பிள்ளை பிறந்தால் விடுப்பு, குடும்பப் பெயர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் லெனேஷியாவிலும் இருக்கிற நம்மவர்களுக்கு இவை பெரும்பாலும் ஒரு வரிச் செய்தியாகத்தான் வந்து சேர்கின்றன. "இனி எல்லா மதக் கல்யாணமும் செல்லும்", "மகளுக்கும் சம பங்கு, கோர்ட்டு உத்தரவு" என்று யாரோ அனுப்ப, அதை நம்பி ஒரு பெரியம்மா கல்யாணத்தைப் பதிவு செய்யாமலே இருந்துவிடுகிறார், இன்னொரு பக்கம் உண்மையிலேயே உரிமை கிடைத்தவர் அது தெரியாமல் சும்மா இருக்கிறார். இரண்டுமே எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, இது எந்த நாட்டுத் தீர்ப்பு என்பது. தமிழில் வருகிற செய்திகளில் பாதி இந்தியாவைப் பற்றியது, அதை அனுப்புகிறவர்கள் நாட்டின் பெயரைச் சொல்வதே இல்லை. மகள்களின் பங்கு பற்றிய செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு, 2005ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் டர்பனில் இருக்கிற வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் 1987ஆம் ஆண்டின் 81ஆம் எண் சட்டம்தான் பேசும், அதில் பிள்ளைகளுக்குள் ஆண் பெண் பேதமே கிடையாது. கணவன் அல்லது மனைவிக்கு 2,50,000 ரேண்ட் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, இதில் எது அதிகமோ அது. அப்புறம் தாத்தா பெயரில் தமிழ்நாட்டில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது என்றால் அது வேறு கதை. நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்கு, அங்கேதான் அந்த 2020 தீர்ப்பு உங்களுக்கு உதவும்.

குடியுரிமையிலும் இதே குழப்பம். 2025 மே 6 அன்று நம் அரசமைப்பு நீதிமன்றம், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதும் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை தானாகப் போய்விடும் என்று சொன்ன சட்டப் பிரிவை ரத்து செய்தது. அதுவும் 1995 அக்டோபர் 6 முதலே செல்லாது என்று. அந்தப் பிரிவால் இழந்தவர்கள் இழக்கவே இல்லை என்றுதான் இப்போது கணக்கு. லண்டனிலோ சிட்னியிலோ குடியேறி அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிய அண்ணன், அக்கா யாராவது இருந்தால் இதை அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து இங்கே குடியுரிமை எடுத்தவருக்கு இந்தியக் குடியுரிமை திரும்ப வராது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிற இந்தியாவின் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது, நம் நீதிமன்றம் அதைத் தொட முடியாது. வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கிற நம்மவர்கள் பயப்பட வேண்டாம், அது குடியுரிமையே இல்லை, அதனால் அதை எடுத்ததால் இங்கே எதையும் இழந்திருக்க முடியாது.

நாடு தெரிந்துவிட்டது, சரி. அடுத்தது, எந்த நீதிமன்றம்? இது மிக முக்கியம், செய்தித் தலைப்பில் பெரும்பாலும் இருக்காது. நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அரசமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்னால் அது உடனே அமலுக்கு வராது. அரசமைப்பின் 172ஆம் பிரிவுப்படி, ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டெய்னில் இருக்கிற அரசமைப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். பிள்ளை பிறந்தால் அப்பா அம்மா இருவரும் விடுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 அக்டோபர் 25ல். அரசமைப்பு நீதிமன்றம் அதற்கு இறுதி வடிவம் கொடுத்தது 2025 அக்டோபர் 3ல். நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம்! அந்த இடைவெளியில் மேனேஜரிடம் போய் "சட்டம் மாறிவிட்டது" என்று சண்டை போட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

இறுதித் தீர்ப்பு என்று தெரிந்த பிறகும் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். உத்தரவு அங்கேதான் இருக்கும், அல்லது தீர்ப்பின் தொடக்கத்திலேயே கட்டம்கட்டிப் போட்டிருப்பார்கள். "செல்லாது" என்று சொன்ன அடுத்த வரியிலேயே, நாடாளுமன்றம் சட்டத்தைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்து அதை நிறுத்திவைப்பது நம் நீதிமன்றத்தின் வழக்கம். கணவனும் மனைவியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்ற 2025 செப்டம்பர் 11 தீர்ப்பில் 24 மாதம், விடுப்புத் தீர்ப்பில் 36 மாதம். அதுவரை ஒன்றும் இல்லையா என்றால், அப்படியும் இல்லை. பல உத்தரவுகளில், இடைக்காலத்தில் சட்டத்தை எந்தச் சொற்களோடு படிக்க வேண்டும் என்று நீதிமன்றமே எழுதித் தரும். விடுப்பு விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. இருவரும் வேலை பார்த்தால் நாலு மாதமும் பத்து நாளும் இருவருக்கும் சேர்த்து, எப்படிப் பிரிப்பது என்று ஒத்துப்போகவில்லை என்றால் முடிந்தவரை சரிபாதி. ஆனால் விடுப்பு வேறு, அந்த நாட்களுக்கு யுஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதி தரும் பணம் வேறு. விடுப்பு கிடைத்துவிட்டது, பணமும் தானாக வரும் என்று கணக்குப் போட்டு வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள், முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீதிமன்றம் இல்லாமல் நாடாளுமன்றத்திலிருந்து வரும் செய்தி என்றால் பார்க்க வேண்டியது தேதிதான். மசோதா சட்டம் அல்ல. அதிபர் கையெழுத்திட்டாலும் போதாது, அரசிதழில் வெளிவர வேண்டும், எந்த நாளிலிருந்து அமல் என்றும் பார்க்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்து 2013 நவம்பரில், முக்கியப் பிரிவுகள் உயிர் பெற்றது 2020 ஜூலை 1ல்.

இப்போது எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான கேள்வி: தீர்ப்பு யாரைப் பற்றியது?

2022 ஜூன் 28 அன்று அரசமைப்பு நீதிமன்றம், ஷரியா முறைப்படி நடந்த முஸ்லிம் திருமணங்களை அங்கீகரிக்காத சட்டங்கள் செல்லாது என்றது. அதை ஒட்டி 2024 மே மாதம் விவாகரத்துச் சட்டத் திருத்தம் வந்தது. நம் வீடுகளுக்கு வந்து சேரும்போது அது "மதக் கல்யாணம் எல்லாம் இனி செல்லும்" என்று ஆகிவிட்டது. திருத்தத்தைத் திறந்து பாருங்கள், அது பேசுவது முஸ்லிம் திருமணங்களைப் பற்றி. கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட நம் கல்யாணங்களை அது தொடவில்லை. பதிவில்லாத இந்துத் திருமணத்துக்கு விவாகரத்துச் சட்டத்தைப் பயன்படுத்த 2007ல் டர்பன் உயர் நீதிமன்றம் மறுத்தது. அதே நேரம், உயில் இல்லாமல் கணவர் இறந்துபோனால், அப்படி மணந்த மனைவியும் வாரிசுதான் என்று அதே நீதிமன்றம் சில காலத்திலேயே இன்னொரு வழக்கில் சொன்னது. ஆக, கணவர் இறந்தால் சட்டத்தின் கண்ணில் மனைவி, பிரிந்து போனால் மனைவி இல்லை என்கிற நிலை. திருமணம் இல்லாமலே வாழ்நாள் துணையாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் வாரிசுரிமை உண்டு என்று 2021 டிசம்பர் 31ல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது, அதுவும் மரணத்துக்குப் பிறகான உரிமைதான்.

நம் பெண்களுக்கு இது புதிய காயம் இல்லை. 1913ல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பு சொன்ன பிறகுதான் காந்தி இங்கே நடத்திய போராட்டத்தில் பெண்கள் இறங்கினார்கள். சிறையில் நோயுற்று வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ல் இறந்தபோது வயது 16. அந்த வருடமே நம் திருமணங்களை ஏற்க வழி செய்த இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் ஒரு காகிதம் இல்லாததால் ஒரு அக்கா வீட்டை விட்டு வெறுங்கையோடு போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் கோவிலில் மட்டும் கல்யாணம் செய்தவர்கள் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகம் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளுங்கள். இருவரின் அடையாள அட்டையும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். தாலி கட்டிய தேதி இதில் கணக்கில் வராது, பதிவுத் திருமண நாள்தான் வரும். சொத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள நினைத்தால் அதற்கு முன்பே நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும், பிறகு மாற்ற வேண்டுமென்றால் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். கணவர் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்றால் இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்துக்குப் போகும்போது கோவில் கடிதம், அழைப்பிதழ், கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பூசை செய்த ஐயரோ கல்யாணத்துக்கு வந்த பெரியவரோ எழுதித் தரும் பிரமாணப் பத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.

தீர்ப்பைச் சொந்தக் கண்ணால் பார்க்க விரும்பினால் சாஃப்லி என்ற இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. முழுவதும் படிக்க வேண்டியதில்லை, அரசமைப்பு நீதிமன்றம் ஊடகங்களுக்காக எளிய சுருக்கம் ஒன்றும் வெளியிடும், அதைப் படித்துவிட்டு உத்தரவுப் பகுதியைப் பாருங்கள். அது உங்கள் வழக்குக்குப் பொருந்துமா என்று சொல்ல வக்கீல் வேண்டும். காசு இல்லை என்றால் லீகல் எய்ட் என்ற அரசுச் சட்ட உதவி அமைப்பு இருக்கிறது, பல்கலைக்கழகச் சட்ட ஆலோசனை மையங்களும் இருக்கின்றன. உயில் இன்னும் எழுதாதவர்களுக்கு ஒன்று: ஒவ்வொரு ஆண்டும், பெரும்பாலும் செப்டம்பரில், உயில் வாரம் வரும், அதில் சேர்ந்திருக்கிற வக்கீல்கள் சாதாரண உயிலை இலவசமாக எழுதித் தருவார்கள். சாட்சிகள் இரண்டு பேர், 14 வயதுக்குக் குறையாதவர்களாக. உயிலில் பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள், அவருக்கு எழுதியது அவருக்குக் கிடைக்காமல் போகலாம்.