ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனைச் சுருக்குவது எப்படி

அக்கா மகனின் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி. உபுண்டு லினக்ஸே முழுவதையும் பிடித்திருந்தது. பக்கத்தில் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸும் வேண்டும் என்றான். உபுண்டு இருக்கும் டிஸ்க் பகுதியை, அதாவது ரூட் பார்ட்டிஷனான எஸ்டிஏ2-ஐ, 100 கிபிபைட்டுக்கு (ஜிஐபி, 1024-இன் கணக்கில் வரும் ஜிபி) சுருக்கிக் கொடுத்தேன். அந்தக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' போட்டு ஃபைல் சிஸ்டம் (பார்ட்டிஷனுக்குள் ஃபைல்களை அடுக்கும் முறை) என்ன என்று பாருங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் இந்த வழி உதவாது. பேக்கப் எடுத்து, புதிதாக ஃபார்மேட் செய்துதான் ஆகவேண்டும். ஈஎக்ஸ்டி4 என்றால் சுருக்கலாம், ஆனால் அது மவுன்ட் ஆகியிருக்கக் கூடாது, அதாவது பயன்பாட்டில் இணைந்திருக்கக் கூடாது. அதனால் டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யுங்கள். அதற்கு முன்பே வெளி டிஸ்கில் பேக்கப் எடுத்துவிடுங்கள். 'எஸ்எஃப்டிஸ்க் -டி' தரும் பார்ட்டிஷன் டேபிளையும் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி முடிகிறது என்ற பட்டியல்) பென்டிரைவில் சேமியுங்கள். சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

வரிசை மாறக்கூடாது: முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகுதான் பார்ட்டிஷன். மாற்றிச் செய்தால் ஃபைல் சிஸ்டத்தின் வால் பார்ட்டிஷனுக்கு வெளியே போய்விடும்.

'இ2எஃப்எஸ்சிகே -எஃப் /டெவ்/எஸ்டிஏ2' கொடுத்துச் சோதியுங்கள். அப்புறம் 'ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எஸ்டிஏ2 95ஜி'. வேண்டியது 100, கொடுப்பது 95. இந்த இடைவெளி வேண்டுமென்றே விடுவது. எவ்வளவு தூரம் சுருக்க முடியும் என்று சந்தேகம் இருந்தால் 'ரீசைஸ்2எஃப்எஸ் -பி /டெவ்/எஸ்டிஏ2' (பெரிய எழுத்து P) குறைந்தபட்ச அளவைப் பிளாக்குகளில் சொல்லும். பொதுவாக ஒரு பிளாக் 4096 பைட்.

இனி பார்ட்டிஷனைச் சுருக்கும் கமாண்டான பார்ட்டட். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அதன் 'ரீசைஸ்பார்ட்' கேட்பது அளவை அல்ல, பார்ட்டிஷன் முடியும் இடத்தை. எஸ்டிஏ2 தொடங்குவது 513 மிபிபைட்டில் (எம்ஐபி, 1024-இன் கணக்கில் வரும் எம்பி). 100 கிபிபைட் என்பது 102400 மிபிபைட். இரண்டையும் கூட்டினால் 102913. அதை 'எம்ஐபி' என்ற அலகோடு கொடுக்க வேண்டும். சும்மா '100ஜிபி' என்று அடித்தால் பார்ட்டட் அதை ஆயிரங்களில் கணக்கிடும். ரீசைஸ்2எஃப்எஸ்ஸின் 'ஜி'யோ 1024-இல் போகிறது. அதன் 95ஜி, பார்ட்டட் கணக்கில் 102 ஜிபி. அதாவது நாம் விட்ட இடைவெளியும் போதாமல் ஃபைல் சிஸ்டத்தின் கடைசி இரண்டரை ஜிபி வெட்டுப்படும்.

அப்படி வெட்டுப்பட்டுவிட்டால் மவுன்ட் செய்யாதீர்கள், எஃப்எஸ்சிகேயும் ஓட்டாதீர்கள். பார்ட்டட் மாற்றுவது டேபிளை மட்டும்தான். காலியான இடத்தில் வேறு எதுவும் எழுதாதவரை, முடிவைப் பழைய இடத்துக்கே நீட்டிச் சரிசெய்துவிடலாம். டேபிளைச் சேமிக்கச் சொன்னது இதற்குத்தான்.

எல்லாம் சரி என்றால் 'ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எஸ்டிஏ2' என்று அளவு தராமல் ஓட்டுங்கள்; மீதி 5 கிபிபைட்டையும் அது நிரப்பிக்கொள்ளும். மறுபடி ஒரு இ2எஃப்எஸ்சிகே.

முதல்முறை செய்பவர்கள் திரையில் மவுஸால் இயக்கும் ஜிபார்ட்டட்டையே எடுங்கள் என்பேன். இத்தனை வேலையையும் சரியான வரிசையில் அதுவே செய்துவிடும். கமாண்டு வழி, திரை இல்லாத சர்வர்களுக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டியது.

ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணான யுயுஐடி மாறாது என்பதால், பூட் ஆகும்போது எதை மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலைத் தொட வேண்டியதில்லை. ரீபூட் செய்து 'டிஎஃப் -எச்' பாருங்கள்.