அப்கிரேடுக்குப் பிறகு வைஃபை போச்சு: என் அனுபவம்

டெஸ்க்டாப்பில் லினக்ஸை அப்கிரேட் செய்தேன். அதன் மையப் பகுதியான கெர்னல் 5.10-இலிருந்து 6.1-க்குப் போனது, கூடவே யுஎஸ்பி வைஃபை டாங்கிளும் போனது.

அதன் டிரைவர் கெர்னலோடு வருவதல்ல, தனியாகப் போட்டது. நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகளைச் சரிபார்த்தேன், போர்ட்டை மாற்றிச் செருகினேன். ம்ஹூம். புதிய கெர்னலுக்கேற்ப டிரைவரை மறுபடி கம்பைல் செய்து தரும் டிகேஎம்எஸ் கருவியின் ஸ்டேட்டஸோ ‘இன்ஸ்டால்டு’ என்றே காட்டியது. டிரைவர் கம்பைல் ஆகிவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. கெர்னல் அதை உள்ளே விட்டதா என்பது வேறு கதை.

மாட்ப்ரோப் கட்டளை கொடுத்து டிரைவரைக் கையால் ஏற்றியபோதுதான் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தது. செக்யூர் பூட்! தனக்குத் தெரிந்த சாவியால் கையொப்பமிடாத டிரைவரைத் தடுக்கும் பாதுகாப்பு அது. முன்பு டிரைவருக்கு நானே ஒரு சாவியால் கையொப்பமிட்டிருந்தேன். புதிய டிகேஎம்எஸ் தானாக வேறொரு சாவி உருவாக்கி அதில் கையொப்பமிட்டுவிட்டது. அந்தச் சாவியை மதர்போர்டுக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

சாவிகளைப் பதிவுசெய்ய உதவும் மோக்யூட்டில் கருவி மூலம், டிகேஎம்எஸ் ஃபோல்டரில் அந்தச் சாவி இருக்கும் மோக்.பப் கோப்பை இம்போர்ட் செய்து, ஒரு பாஸ்வேர்டு வைத்து ரீபூட் செய்தேன். அப்போதும் அதே பிழை. ரீபூட்டில் ஒரு நீலத் திரை பத்து விநாடி மட்டும் வரும். கீ எதையும் தட்டாவிட்டால் இம்போர்ட் ரத்தாகிவிடும். டிஸ்ப்ளேபோர்ட்டில் என் மானிட்டர் விழிப்பதற்குள் அது வந்து போயிருக்கிறது! எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாற்றி, மீண்டும் இம்போர்ட் செய்து ரீபூட் செய்து, நீலத் திரையில் ‘என்ரோல் மோக்’ (சாவியைப் பதிவுசெய்) கொடுத்தேன். வைஃபை வந்தது. அப்பாடா.

செக்யூர் பூட்டையே அணைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் அதே கணினியில் விண்டோஸும் அதன் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரும் இருந்தால் மீட்புச் சாவி கேட்கக்கூடும்; அதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.