பிரிட்டன்ல டைவர்சிட்டி ட்ரெயினர் ஆகணுமா? எச்ஆர்ல இருந்து இந்த வேலைக்கு வந்தவ சொல்றேன்

மாசத்துக்கு ரெண்டு பேராவது மெசேஜ் பண்றாங்க, அக்கா நீங்க பாக்குற வேலைக்கு எப்படி வர்றது, என்ன கோர்ஸ் படிக்கணும், காசு வருமான்னு. ஒவ்வொருத்தருக்கா பதில் அடிச்சு கை வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டிடறேன். நான் இருக்கறது லண்டன், சொல்றதெல்லாம் பிரிட்டன் கணக்கு. அமெரிக்கால இருக்கறவங்க இத அப்படியே எடுத்துக்காதீங்க, அங்க கதையே வேற, 2025 ஜனவரில ட்ரம்ப் பதவிக்கு வந்த முதல் நாளே ஃபெடரல் கவர்மென்ட்ல இருந்த டைவர்சிட்டி ப்ரோக்ராம எல்லாம் மூடச் சொல்லி கையெழுத்து போட்டுட்டார்.

முதல்ல இது என்ன வேலைன்னு தெளிவா இருக்கணும். வேலை செய்யற இடத்துல இனம் மாதிரி விஷயத்த வச்சு பாகுபாடு நடக்காம இருக்க கம்பெனிங்களுக்கு சொல்லி குடுக்கறவங்கதான் டைவர்சிட்டி ட்ரெயினர். நிறைய பேரு மைக் புடிச்சு ஸ்லைடு போட்டு ரேசிசம் தப்புன்னு பேசறதுதான் வேலைன்னு நினைக்கறாங்க. என் வாரத்துல அப்படி நின்னு பேசறது ஒரு நாள் இருந்தா அதிகம். மீதி நாளெல்லாம் கம்பெனியோட ஃபைல நோண்டறதுதான், யாரெல்லாம் அப்ளை பண்ணாங்க, அதுல யார இன்டர்வியூக்கு கூப்ட்டாங்க, யாருக்கு ப்ரொமோஷன் போச்சு, புகார் குடுத்தவங்க ஒரு வருஷம் கழிச்சும் அங்கயே வேலை பாக்கறாங்களா. அந்த கடைசி கேள்விய கேட்டாலே சில எச்ஆர் மேனேஜர் முகம் ஒரு மாதிரி ஆயிடும், அங்கதான் உங்க வேலை இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க.

இது நானா சொல்லல. 2006ல காலெவ், டாபின், கெல்லின்னு மூணு சமூகவியல் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கால 708 தனியார் நிறுவனங்களோட முப்பது வருஷ கணக்க எடுத்து பாத்தாங்க. ட்ரெயினிங் மட்டும் குடுத்த இடத்துல மேனேஜர் சீட்ல உக்காந்த பெண்கள், கறுப்பின மக்கள் எண்ணிக்கை பெருசா நகரவே இல்ல, இத பாத்துக்க ஒரு ஆளு, ஒரு கமிட்டின்னு பொறுப்ப குடுத்த இடத்துலதான் நகந்துச்சு. ட்ரெயினிங் வித்து சாப்பிடறவளே இத சொல்றேன், நோட் பண்ணிக்கோங்க.

அடுத்து வரலாறு. இங்க வேலை பாக்கணும்னா ஸ்டீபன் லாரன்ஸ் பேரு தெரியாம ஒரு ரூமுக்குள்ள போகவே கூடாது. 1993 ஏப்ரல் 22, தென்கிழக்கு லண்டன் எல்தம்ல பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்த 18 வயசு பையன, கறுப்பின பையன்ங்கற ஒரே காரணத்துக்காக குத்தி கொன்னாங்க. போலீஸ் விசாரணைய எப்படி சொதப்புச்சுன்னு 1999ல மாக்ஃபர்சன் ரிப்போர்ட் வந்துச்சு, 70 பரிந்துரை. தனித்தனி ஆளுங்களோட கெட்ட எண்ணம் மட்டும் இல்ல, ஒரு நிறுவனம் மொத்தமா அதோட நடைமுறைலயே ஒரு இனத்து மக்களுக்கு நியாயம் பண்ண தவறுது, அதுக்கு பேரு நிறுவன ரீதியான இனவெறின்னு அதுல எழுதுனாங்க. கொலைக்கு ரெண்டு பேர குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லவே 2012 ஜனவரி ஆச்சு.

அதோட கூட கட்டாயம் ஒருத்தர படிக்கணும், நம்மாளு, அ. சிவானந்தன். 1923ல கொழும்புல பிறந்த தமிழர். 1958ல தமிழங்களுக்கு எதிரா நடந்த கலவரத்துக்கு அப்புறம் இலங்கைய விட்டு கிளம்பி இங்க வந்து இறங்குனா, லண்டன் நாட்டிங் ஹில்ல வெள்ளைக்கார கும்பல் கரீபியன் மக்கள அடிச்சிட்டு இருக்கு. இன்ஸ்டிட்யூட் ஆஃப் ரேஸ் ரிலேஷன்ஸ்ங்கற இன உறவு ஆராய்ச்சி மையத்துல லைப்ரரியனா சேந்து அப்புறம் அதுக்கே டைரக்டர் ஆனார். 1981ல லண்டன் பிரிக்ஸ்டன்ல கறுப்பின இளைஞர்களுக்கும் போலீஸுக்கும் நடந்த கலவரம், அத விசாரிச்ச ஸ்கார்மன் ரிப்போர்ட் எல்லாம் முடிஞ்சதும் கவுன்சில் கவுன்சிலா, அதாவது உள்ளாட்சி அமைப்புகள்ல எல்லாம், ரேசிசம் அவேர்னஸ் ட்ரெயினிங் ஆரம்பிச்சாங்க, இங்கிலீஷ்ல சுருக்குனா RAT, எலின்னு வரும், அந்த எலிய வச்சே 1985ல ஒரு கட்டுரைல மனுஷன் இந்த தொழிலயே கிழிச்சு தொங்க விட்டார். அவர் வாதம் இதுதான், ரேசிசத்த வெள்ளைக்காரன் மனசுல இருக்கற வியாதியா ஆக்கிட்டு அத சுத்தம் பண்ண உக்காந்தா, போலீஸ் அதிகாரம் குடியேற்ற சட்டம் வீடு வேலைன்னு நிஜமா அடி விழற இடமெல்லாம் அப்படியே இருக்கும். இந்த வேலைக்கு வர்ற தமிழங்க பாதி பேருக்கு இவர தெரியல, எனக்கு அது கொஞ்சம் கடுப்பாவே இருக்கும்.

சட்டம் பத்தி. 2010ல வந்த சமத்துவ சட்டம், ஈக்வாலிட்டி ஆக்ட்தான் உங்க அரிச்சுவடி. வக்கீல் ஆக வேணாம், ஆனா ஒன்பது விஷயத்த வச்சு பாகுபாடு காட்ட கூடாதுன்னு அதுல இருக்கு, அதுல இனம்ங்கறதுக்குள்ள நிறம், குடியுரிமை, பூர்வீகம் எல்லாம் வரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும். அரசு அமைப்புகளுக்கு 149வது பிரிவுல, சமத்துவத்த மனசுல வச்சுதான் எதையும் செய்யணும்னு தனியா ஒரு கடமை இருக்கு, கவுன்சில் வேலை, என்எச்எஸ்ங்கற அரசு மருத்துவ சேவைல வேலை புடிக்க அது முக்கியம். நம்ம ஊர்ல இருந்து வர்றவங்க மாட்டிக்கற இடம் ஒண்ணு இருக்கு, 69 சதவீத இடஒதுக்கீட்ட பாத்து வளந்துட்டு இங்கயும் அதயே பண்ணுங்கன்னு கிளையன்ட் கிட்ட சொல்லிடறாங்க. இங்க இனத்துக்கு இத்தன சீட்டுன்னு ஒதுக்கி வேலைக்கு எடுத்தா சட்ட விரோதம். ரெண்டு பேரும் சமமான தகுதில நின்னா மட்டும் குறைவா இருக்கற சமூகத்து ஆள எடுக்கலாம், அதுவும் கேஸுக்கு கேஸ் பாத்துதான். செஷயர் போலீஸ் இந்த விதிய தப்பா உபயோகிச்சு 2019ல வேலை தகராறு விசாரிக்கற ட்ரிப்யூனல்ல தோத்துச்சு, வேலை கிடைக்காத வெள்ளைக்கார பையன் ஜெயிச்சான். நீங்க குடுத்த அட்வைஸால இப்படி ஒரு கேஸ் வந்தா அதோட உங்க கடைய மூட வேண்டியதுதான்.

இன்னொரு கேஸும் கைவசம் வச்சுக்கோங்க, சேல்ஸ் பேசும்போது உதவும். 2021ல அலேன்னு ஒரு கம்பெனி கேஸ், இந்திய வம்சாவளி ஊழியர கூட வேலை பாத்தவன் கிண்டல்ங்கற பேர்ல இனத்த சொல்லி சீண்டிட்டே இருந்தான், கம்பெனி என்ன சொல்லுச்சுன்னா நாங்கதான் எல்லாருக்கும் ட்ரெயினிங் குடுத்தோமேன்னு. அந்த ட்ரெயினிங் நடந்து ரொம்ப நாள் ஆச்சு, ஊசிப்போச்சு, மேனேஜருங்களே கேட்டும் கேக்காத மாதிரி இருந்திருக்காங்க, அதனால அது செல்லாதுன்னு அப்பீல்லயும் சொல்லிட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ ஆன்லைன்ல கிளிக் பண்ணி சர்டிஃபிகேட் வாங்கி வச்சிட்டா போதும்னு சொல்ற கிளையன்ட் கிட்ட நான் இத மட்டும்தான் சொல்லுவேன்.

சரி உள்ள எப்படி நுழையறது. நேரா கன்சல்டன்ட்னு லிங்க்ட்இன்ல போட்டுட்டு உக்காராதீங்க, யாரும் கூப்பிட மாட்டாங்க. ஏதாவது ஒரு நிறுவனத்துக்குள்ள நாலஞ்சு வருஷம் இருங்க. எச்ஆர், டீச்சிங், யூனியன், ஹவுசிங், யூத் வொர்க், எதுவா இருந்தாலும் சரி. நான் ஒரு ஆஸ்பத்திரில எச்ஆர் அட்மினா சேந்தேன், 2015ல என்எச்எஸ்ல இன சமத்துவத்துக்குன்னு ஒரு அளவுகோல் கொண்டு வந்தாங்க, வருஷா வருஷம் ஒன்பது விஷயத்துக்கு கணக்கு குடுக்கணும், அந்த எக்செல் ஷீட்ட யாரும் தொட மாட்டேன்னு ஓடுனப்ப நான் எடுத்துக்கிட்டேன். அந்த ஷீட்தான் எனக்கு இந்த வேலைய கத்து குடுத்துச்சு. யூனியன் ரெப்பா இருந்தவங்க இதுல இன்னும் நல்லா வருவாங்க, ஏன்னா புகார் எங்க போய் சாகுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். எச்ஆர் தொழிலுக்கான அமைப்பு சிஐபிடி, அதோட லெவல் 5 படிப்ப முடிச்சா எச்ஆர் காரங்க உங்கள மதிப்பாங்க. வேலை சம்பந்தமான உரிமை, தகராறுக்கு ஆலோசனை சொல்ற ஏகாஸ் அமைப்போட வெப்சைட்ல இருக்கற கைட் எல்லாம் இலவசம், அத படிக்காம ரெண்டு நாள் கோர்ஸுக்கு ஆயிரம் பவுண்டு கட்டாதீங்க.

அந்த ரூமுக்குள்ள என்ன நடக்கும்னு ஒண்ணு சொல்றேன். லண்டனுக்கு வெளிய ஒரு குடோன், காலைல ஷிஃப்ட் முடிஞ்சு இருபது பேரு அந்த மஞ்சள் ஜாக்கெட்டோட வந்து உக்காந்திருக்காங்க, எல்லாருக்கும் வீட்டுக்கு போய் தூங்கணும். பின்னாடி ஒருத்தர் கைய கட்டிக்கிட்டு, என் மருமகனே ஜமைக்கா காரன் எனக்கு எதுக்கு இந்த க்ளாஸ்னு கேட்டார். அவர் கூட வாதம் பண்ணல. எச்ஆர் அனுமதியோட பேர எல்லாம் எடுத்துட்டு மூணு மாச ஓவர்டைம் ரோஸ்டர ப்ரின்ட் எடுத்து வச்சிருந்தேன், பேருக்கு பதிலா ரெண்டு கலர், இந்த ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு, வெளிநாட்டுல இருந்து வந்தவங்களுக்கு ஒண்ணு. டபுள் சம்பளம் வர்ற ஞாயித்துக்கெழம ஷிஃப்ட்ட மட்டும் எந்த கலருக்கு எத்தனன்னு எண்ண சொன்னேன். அவரே எண்ணினார். எண்ணி முடிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, அது சூப்பர்வைசரோட வாட்சப் க்ரூப்ல வர்றது, ஃபுட்பால் ஆடற பசங்க க்ரூப்புன்னார். அவ்ளோதான் விஷயம். யாரும் உக்காந்து சதி பண்ணல, க்ரூப்ல இல்லாதவனுக்கு சேதி போகல, போகாதவன்ல முக்கால்வாசி பேரு ருமேனியா, கானா, நம்மாளுங்க. அடுத்த வாரத்துல இருந்து ஞாயிறு ஷிஃப்ட் நோட்டீஸ் போர்டுல வந்துச்சு. நான் மூணு மணி நேரம் கத்தியிருந்தாலும் அது நடந்திருக்காது.

நான் சொதப்புனதும் சொல்லணும்ல. என் முதல் வொர்க்ஷாப்ல ரூம்லயே ஒரே ஒரு கறுப்பின பொண்ணு, அவங்கள பாத்து உங்க அனுபவத்த ஷேர் பண்றீங்களான்னு கேட்டுட்டேன். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. எல்லார் முன்னாடியும் அவங்கள காட்சிப்பொருள் ஆக்கிட்டேன், அவங்க சொன்னத கேட்டுட்டு பக்கத்து டேபிள்ல இருக்கறவன் நாளைக்கு அவங்க கூடத்தான் வேலை பாக்கணும். அன்னைலருந்து கதை வேணும்னா நான் எழுதி வச்ச கதையத்தான் குடுப்பேன், அங்க உக்காந்திருக்கறவங்க வாழ்க்கைய கேக்க மாட்டேன். ஆக்ஸ்ஃபோர்ட் நஃபீல்ட் காலேஜ் காரங்க 2019ல வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்ணு எப்பவும் பைல இருக்கும், தகுதி எல்லாம் ஒரே மாதிரி, பேரும் பின்னணியும் மட்டும் மாத்தி வேலைக்கு அப்ளிகேஷன் அனுப்பினாங்க, அதே அளவு பதில் வர சிறுபான்மை இனத்தவங்க 60 சதவீதம் அதிகமா அனுப்ப வேண்டி இருந்துச்சு. யாரோட கண்ணீரும் தேவையில்ல, இந்த கணக்கே பேசும்.

அப்புறம் நம்ம வீட்டு விஷயம். ஐடி டீமுக்கு போனா அங்க பாதி பேரு இந்தியா காரங்க, அப்ப சாதி வரும். வெள்ளைக்கார மேனேஜருக்கு ஒண்ணும் புரியாது, எல்லாரும் ஏசியன்தானேம்பார். 2014ல ஒரு வீட்டு வேலை பாத்த அம்மாவோட கேஸ்ல, சூழ்நிலைய பொறுத்து சாதியும் இனம்ங்கறதுக்குள்ள வரலாம்னு அப்பீல் ட்ரிப்யூனல் சொல்லுச்சு, 2018ல அரசாங்கம் இதுக்குன்னு தனியா சட்டம் கொண்டு வர மாட்டோம்னு சொல்லிடுச்சு, அதனால அந்த தீர்ப்புதான் இப்ப புடிமானம். இங்க ஒரு கேள்வி உங்களுக்கே கேட்டுக்கோங்க. காலைல வெள்ளைக்காரனுக்கு பாகுபாடு பத்தி க்ளாஸ் எடுத்துட்டு, சாயங்காலம் புதுசா வந்த தமிழ் குடும்பத்து கிட்ட ஊர் எது, ஊர்ல எந்த பக்கம், அப்பா என்ன பண்றார்னு சுத்தி வளச்சு விசாரிக்கற ஆளா நீங்க? அப்படின்னா வேற வேலை பாருங்க. சீரியஸாத்தான் சொல்றேன்.

தனியா தொழில் ஆரம்பிக்கறவங்களுக்கு. ட்ரேடிங் வருமானம் வருஷம் 1,000 பவுண்டு தாண்டுனா வரி ஆபீஸ் எச்எம்ஆர்சில பதியணும். நம்ம அட்வைஸ் தப்பா போய் கிளையன்ட் நஷ்டஈடு கேட்டா காப்பாத்தற ப்ரொஃபஷனல் இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் இல்லாம ஒரு வேலையும் எடுக்காதீங்க, பெரிய கிளையன்ட் அது இல்லாம கான்ட்ராக்ட்டே தர மாட்டான். முதல் வேலைய சாரிட்டி, ஸ்கூல்னு சின்ன இடமா எடுங்க, ஆனா ஃப்ரீயா பண்ணாதீங்க, ஒரு தடவ ஃப்ரீன்னா எப்பவும் ஃப்ரீதான், அதுலயும் அக்டோபர்ல கறுப்பின மக்கள் வரலாற கொண்டாடற ப்ளாக் ஹிஸ்டரி மன்த் வந்தா எல்லாருக்கும் திடீர்னு நம்ம ஞாபகம் வரும், பட்ஜெட் மட்டும் இருக்காது. அரை நாள் ட்ரெயினிங்னு மட்டும் கேட்டு வந்தா நான் ரெண்டு நிபந்தனை போடறேன். ஒண்ணு, முன்னாடியே ஆளெடுப்பு, ப்ரொமோஷன், புகார் கணக்க எனக்கு காட்டணும். ரெண்டு, ஆறு மாசம் கழிச்சு திரும்ப வந்து அதே கணக்க பாப்பேன், அதுக்கும் சேத்து ரேட்டு. பாதி பேரு இதுலயே போன வச்சிடுவாங்க. போகட்டும். ஏதோ ஒரு புகார் வந்து, பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி அடுத்த வாரமே ட்ரெயினிங் போட்டுடுங்கன்னு அவசரப்படுத்தற கம்பெனிக்கு போகாதீங்க, உங்க போட்டோவ போட்டு அவங்க பேர காப்பாத்திக்குவாங்க.

காசு சீரா வராது, அத தெரிஞ்சுக்கிட்டு வாங்க. 2020ல அமெரிக்க போலீஸ் கைல கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையானதுக்கு அப்புறம் போன் நிக்காம அடிச்சுது, அதே வருஷம் டிசம்பர்ல சிவில் சர்வீஸ்ல, நமக்கே தெரியாம மனசுல இருக்கற பாரபட்சத்த பத்தின அன்கான்ஷியஸ் பயஸ் ட்ரெயினிங்க நிறுத்தப் போறோம்னு அரசாங்கமே அறிவிச்சுது. அரசியல் காத்து எந்த பக்கம் அடிக்குதோ அந்த பக்கம் இந்த பட்ஜெட் பறக்கும். அதனால பார்ட் டைம் எச்ஆர் வேலைய முதல் ரெண்டு வருஷம் விட்டுடாதீங்க, இன்வாய்ஸ்ல 30 நாள்னு போட்டாலும் 60 நாள் ஆகும்னு வச்சு கைல மூணு மாச வாடகை வச்சுக்கோங்க, முன்பணமா பாதி வாங்காம ட்ரெயின் டிக்கெட் புக் பண்ணாதீங்க.