ஒரே ஒரு 35 மி.மீ. லென்ஸோடு வீட்டுக் காதுகுத்தைப் படம் எடுப்பது எப்படி?

கையில் சின்ன மிரர்லெஸ் கேமரா, ஜூம் இல்லாத 35 மி.மீ. லென்ஸ் ஒன்று. வீட்டு விசேஷத்துக்கு இது தாராளமாகப் போதும். ஏபிஎஸ்-சி என்கிற சிறிய சென்சாரில் (படம் பதியும் சில்லு) இந்த லென்ஸ், பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குத்தான் ஏறக்குறைய காட்டும். இழுத்துப் பிடிக்க ஜூம் கிடையாது, அதனால் எங்கே நிற்கிறோம் என்பதில்தான் படம் இருக்கிறது.

1. தூரத்தைக் காலுக்குப் பழக்குங்கள்

முந்தின நாள் வீட்டில் ஒருவரை உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள். ஒன்றேகால் மீட்டரில் தலையும் தோளும் நிறையும். இரண்டு மீட்டரில் மடியில் குழந்தையோடு ஒருவர் அடங்குவார். ஐந்து மீட்டரில் இரண்டு வரிசையாகப் பத்துப் பேர் நிற்கலாம்.

2. செட்டிங்

மேனுவல் மோடில் ஷட்டர் (ஒளி பதியும் நேரம்) 1/250 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ, அதன் மேல்வரம்பு 6400. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை, அசைந்து கலங்கிய முகத்தைத்தான் பிறகு மீட்கவே முடியாது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸை ஆன் செய்துவிடுங்கள்.

லென்ஸ் எஃப் 2 வரை திறக்கிறதே என்று எப்போதும் திறந்து வைக்க வேண்டாம். கிட்டத்தில் நாலைந்து விரற்கடை ஆழம்தான் தெளிவாக விழும். மாமன் முகம் கிடைத்தால் குழந்தை முகம் போய்விடும். குரூப் போட்டோவுக்கு எஃப் 5.6.

மண்டபமாக இருந்தால் இன்னொன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் நான் எடுத்த ஒரு விசேஷம் முழுக்க அக்கா முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு. அந்த நாள் திரும்ப வராது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அப்பவும் கோடு தெரிந்தால் ஷட்டரை 1/100 நொடிக்கு மாற்றுங்கள்.

3. மொட்டையில் ஆரம்பியுங்கள்

முடி இறக்கி, தலையில் சந்தனம் தடவும்போது குழந்தை தன் தலையைத் தானே தொட்டுப் பார்க்கும். அதற்குக் காத்திருங்கள். பின்னால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் என்றால் முகம் கறுத்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 வையுங்கள்.

4. காது குத்தும் நேரம்

இதற்காகத்தான் இவ்வளவும். ஆசாரியிடம் முன்பே போய், எந்தக் காதை முதலில் குத்துவார், எந்தப் பக்கம் உட்காருவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள். அவருக்கு எதிர்ப்பக்கம், தாய்மாமன் முழங்காலுக்குச் சற்று முன்னால், தரையில் உட்காருங்கள். கேமரா குழந்தையின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் மொட்டைத் தலையும் சுற்றி நிற்பவர்களின் கைகளும்தான் மிஞ்சும்.

முதல் காது குத்தும்போது குழந்தைக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. சுற்றி இருப்பவர்கள் கிலுகிலுப்பை ஆட்ட, அது வாயில் வாழைப்பழத்தோடு வேடிக்கை பார்க்கும். குத்தியதும் ஒரு கணம் ஒன்றும் இருக்காது. வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. தொடர்ச்சியாக எடுக்கும் பர்ஸ்ட் மோடை அப்போது அழுத்துங்கள். பிளாஷ் கூடவே கூடாது, குத்துகிறவருக்குக் கண் கூசும்.

இரண்டாவது காதுக்குக் குழந்தையை விட்டுவிடுங்கள், எப்படியும் அழுதுகொண்டுதான் இருக்கும். அம்மாவின் முகத்துக்குத் திரும்புங்கள். என் அக்கா மகளின் காதுகுத்தில் அப்படித் திரும்பியபோது, பாட்டியின் கை குழந்தையின் பாதத்தை இறுகப் பிடித்திருந்தது, கொலுசு விரலிடுக்கில் நசுங்கியபடி. காதை எடுத்த எந்தப் படத்தையும்விட எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டு வாங்கியது அதைத்தான்.

5. அப்புறம்

சீர்த்தட்டு, பந்தி, மொய் எழுதுபவர் எல்லாம் நிதானமாக எடுக்கலாம். அன்று இரவே இருபது படம் பொறுக்கி வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும். பாட்டிக்கு மட்டும் 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள்.