கொலை வழக்கு மேல்முறையீட்டில் சாட்சியத்தைத் தாக்கும்போது நேரும் தவறுகள்

தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனுக்களில் பாதி, ‘சாட்சிகள் எல்லாம் இறந்தவரின் உறவினர்கள்’ என்றுதான் தொடங்குகின்றன. அது செல்லாக்காசு. நெருங்கிய உறவினர் உண்மையான குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவரை மாட்டிவிடுவது அரிது என்று 1953-லேயே திலீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய் சொல்லத் தூண்டும் முன்பகை இருந்ததா, அதைக் குறுக்கு விசாரணையில் கேட்டார்களா என்பதைக் காட்டினால்தான் வாதம் எடுபடும். ‘ஒரே சாட்சிதான்’ என்பதும் இதே ரகம். வடிவேலு தேவர் வழக்கு (1957) சாட்சிகளை முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் உள்ளவர் என்று மூன்றாகப் பிரித்தது. நடுவில் உள்ளவருக்கு மட்டுமே வேறு ஆதாரம் தேடப்படும். உங்கள் சாட்சி ஏன் அந்த நடு வகை என்று முதலில் எழுதுங்கள்.

இவற்றைவிடப் பெரிய தவறு, முரண்பாடு நிரூபிக்கப்பட்டதா என்று பார்க்காமலே வாதிடுவது. ‘கழுத்தில் வெட்டியதைப் பார்த்தேன்’ என்கிறார் கூண்டில் நிற்கும் சாட்சி. போலீசாரிடம் கொடுத்த 161 வாக்குமூலத்திலோ (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் புலனாய்வின்போது பதிவது; 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமான BNSS-இல் 180-ஆம் பிரிவு) ‘சத்தம் கேட்டு ஓடினேன், விழுந்து கிடந்தார்’ என்று இருக்கிறது. இரண்டையும் அருகருகே எழுதிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். விசாரணையின்போது அந்த வரியைச் சாட்சிக்குச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டும். அவர் மறுத்திருந்தால், புலனாய்வு அதிகாரி மூலம் அந்தப் பகுதியை மட்டும் எதிரித் தரப்புச் (குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு) சான்றாவணமாகக் குறியிட்டிருக்க வேண்டும். சொல்லாமல் விட்ட செய்தி என்றால், ‘அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) என்னிடம் அப்படிச் சொல்லவில்லை’ என்ற பதிலை அதிகாரியிடம் வாங்கியிருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாம் படியில்தான். நிரூபிக்கப்படாத 161 வாக்குமூலத்தை நீதிமன்றம் தானாக எடுத்துப் பார்க்க முடியாது என்று வி.கே. மிஸ்ரா வழக்கு (2015) தெளிவாக்கியது. அதனால் ஆவணத் தொகுப்பு கைக்கு வந்ததும் அ.சா.1-இல் தொடங்காதீர்கள், கடைசியில் கிடக்கும் புலனாய்வு அதிகாரியின் குறுக்கு விசாரணையை முதலில் படியுங்கள். கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

விடுபடல் எல்லாம் முரண்பாடு ஆகிவிடாது. சட்டை நிறத்தைச் சொல்லாதது சில்லறை; வெட்டியவர் பெயரையே சொல்லாதது வழக்கின் வேரை அசைக்கும்.

காயம்பட்டவரைக் கொண்டுவந்ததும் மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டை மேலோட்டமாகப் புரட்டுவதும் வழக்கமான தவறு. மருத்துவமனையில் முதலில் எழுதப்படும் ‘தெரிந்த 2 நபர்கள்’, ‘அடையாளம் தெரியாத 4 பேர்’ போன்ற குறிப்பு சில நேரம் மொத்த வழக்கையும் புரட்டும். ஆனால் அதில் பெயர் இல்லை என்று மட்டும் வாதிடாதீர்கள். பெயர் எழுதுவது மருத்துவரின் வேலை இல்லை. எழுதிய எண்ணிக்கை பிந்தைய சாட்சியத்தோடு மோதுகிறதா என்று பாருங்கள்.

முதல் தகவல் அறிக்கையில் பதிவு நேரத்தோடு நின்றுவிடக் கூடாது. எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். (உடனே நடுவருக்கு அனுப்பப்படும் முதல் தகவல் அறிக்கை) நடுவரிடம் போய்ச் சேர்ந்த நேரத்தை அவருடைய கையெழுத்துக்கு அருகில் தேடுங்கள். 161 வாக்குமூலங்கள் என்றைக்கு நீதிமன்றத்துக்கு வந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் தாமதம் வழக்கை உடைக்காது. விளக்கமில்லாத தாமதத்தோடு, அந்த இடைவெளியில் கதை ஜோடிக்கப்பட்டதற்கான அறிகுறியும் வேண்டும். துலியா காளி வழக்கில் (1972) தாமதம் விடுதலைக்கு உதவியதை மேற்கோள் காட்டுவோர் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

சாட்சி மூன்று வெட்டு என்றார், பிரேதப் பரிசோதனையில் இரண்டுதான் என்று பத்தி பத்தியாக எழுதுவது வீண். மருத்துவ சாட்சியம் கருத்துதான். கண்ணால் கண்டதாகச் சொல்வது நடந்திருக்கவே முடியாது என்று காட்டினால் மட்டுமே அது மேலோங்கும்.

பிறழ் சாட்சி (அழைத்த தரப்புக்கே எதிராக மாறிப் பேசியவர்) என்றதும் அவர் சொன்னது அத்தனையும் அழிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், அது உங்களுக்கு எதிராகவும் இருக்கலாம்.

இரவுச் சம்பவமா? மாதிரி வரைபடத்தையும் பார்வை மகஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு) எடுத்து, தெருவிளக்கு குறிக்கப்பட்டிருக்கிறதா, சாட்சி நின்றதாகச் சொல்லும் இடத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். அதிகாரி நேரில் பார்த்து வரைந்தது மட்டுமே செல்லும். பிறர் சொல்லி அவர் குறித்த இடங்கள், போலீசாரிடம் சொன்னதைச் சான்றாக ஏற்காத 162-ஆம் பிரிவில் (BNSS-இல் 181) அடிபடும்.