பேய் வீட்டுப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிம் ஜி-வூன் இயக்கி 2003-இல் வெளிவந்த 'ஜாங்ஹ்வா, ஹோங்ன்யோன்' என்ற கொரியப் படத்துக்குத் தாங்கள் எழுதிய தமிழ் சப்டைட்டில்களை, இத்துறைக்குப் புதியவர்களான இரண்டு இளைஞர்கள் அண்மையில் எனக்குக் காட்டினார்கள். 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் பலரும் அறிந்த படம் அது. பல ஆண்டுகளுக்கு முன் நான் எங்கெங்கே சறுக்கினேனோ, அதே இடங்களில் அவர்களும் சறுக்கியிருந்தார்கள். எழுத்துப்பிழையும் வரி நீளமும் இரண்டாம் வாசிப்பில் தாமே அகப்பட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். படத்தின் முடிச்சை அவிழ்க்காமல் மற்றவற்றைச் சொல்ல இயலாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

வினைமுற்று காட்டிக்கொடுப்பது

ஒதுக்குப்புறமான ஒரு பழைய வீடு. மனநலச் சிகிச்சை முடிந்து திரும்பும் அக்காள் சூ-மி, தங்கை சூ-யோன், மாற்றாந்தாயான சித்தி, அதிகம் பேசாத அப்பா. சூ-யோன் முன்பே இறந்துவிட்டாள், சூ-மியின் கண்ணுக்கு மட்டுமே அவள் தெரிகிறாள் என்பது பின்பாதியில் அப்பாவின் வாயிலிருந்தே வெளிப்படுகிறது. அதுவரை அவர் ஒருமுறைகூட இளையவளிடம் நேராகப் பேசுவதில்லை என்பதை, இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் நாம் கவனிக்கிறோம்.

இந்த ஏற்பாட்டுக்குக் கொரிய மொழியே உடந்தையாக இருக்கிறது. அம்மொழியின் வினைமுற்றில் பால், எண், இடம் காட்டும் விகுதி கிடையாது. எழுவாயையும் தாராளமாக விட்டுவிடலாம். 'மோகோஸ்ஸோ?' என்று ஒருவர் கேட்டால், சாப்பிட்டது ஒருவரா இருவரா, எதிரில் நிற்பவரா வேறொருவரா என்பதை அந்தச் சொல் சொல்லாது. தமிழிலோ சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா, சாப்பிட்டாளா என்று விகுதி உடனே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே படத்துக்கு நான் அன்று ஆங்கில சப்டைட்டிலை வைத்துக்கொண்டு தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தின் 'யூ' ஒருமையா பன்மையா என்று சொல்லாது. கதையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், பேசுபவர் தகப்பன், எனவே கேட்பவர் இருவர் என்று நானே முடிவுகட்டி, அப்பாவின் வரி ஒன்றில் 'இருவரும்' என்ற சொல்லைச் சேர்த்து வினையையும் பன்மையாக்கிவிட்டேன். ஒரு சிறிய அரங்கில் அதைத் திரையிட்டார்கள். படம் முடிந்ததும் முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "முதலில் அப்பா இரண்டு பிள்ளைகளிடமும்தானே பேசினார்? பிறகு ஒருத்தி இல்லவே இல்லை என்றால், இயக்குநர் நம்மை ஏமாற்றுகிறார் என்றுதானே பொருள்?" என்று கேட்டார். பாதி அரங்கம் தலையாட்டியது. அந்தப் பழி என்னுடையது என்று அங்கேயே எழுந்து சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. இளைஞர்களின் கோப்பில் அதே 'இருவரும்' கண்ணில் பட்டபோது அவர்கள்மீது வந்த கோபத்தில் பாதி என்மீதே வந்ததுதான்.

தப்பிக்கும் வழி நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. 'சாப்பிட்டாச்சா?', 'மருந்து போட்டாச்சா?', 'இன்னும் தூக்கம் வரவில்லையா?', 'உள்ளே போகலாமே' ஆகிய எதுவும் கேட்பவர் எத்தனை பேர் என்று காட்டுவதில்லை. கேட்பதற்கும் இயல்பாக இருக்கிறது. அப்பாவின் வரிகளை மட்டும் தனியே பிரித்தெடுத்து, ஒவ்வொரு வரியிலும் அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று படத்தை நிறுத்தி நிறுத்திச் சரிபாருங்கள். நேராகக் கூப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில் 'நீ' போதும். சித்தியிடம் அவர் பேசும் வரிகளுக்கும் அதுவே பொருந்தும். அந்த வீட்டில் நாம் பார்க்கும் சித்தியும் பெரும்பாலும், தன்னையே சித்தியாகக் கற்பனை செய்துகொள்ளும் சூ-மிதான்.

'யாரோ' வேறு, 'ஏதோ' வேறு

விருந்துக்கு வந்த இடத்தில் வலிப்பு கண்டு விழும் பெண், திரும்பும் வழியில் காரில், சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு சிறுமியைப் பார்த்ததாகக் கணவனிடம் சொல்கிறாள். 'சிறுமி' என்ற சொல் வரும்வரை, 'யாரோ' என்று உயர்திணையிலோ 'ஏதோ' என்று அஃறிணையிலோ எழுதித் திணையைத் திறந்து காட்டாதீர்கள்.

உறவுப் பெயர்

'ஓன்னி' என்று தங்கை அழைப்பது ஆங்கிலத்துக்குப் போனதும் அக்காளின் பெயராக மாறிவிடுவது வழக்கம். அதைப் பார்த்துத் தமிழிலும் பெயரை எழுதினால், அக்காளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் துடுக்குப் பெண்ணாகச் சூ-யோன் தெரிவாள். அந்தப் பயந்த சுபாவத்துக்கு 'அக்கா' என்ற ஒரு சொல்லே போதும். 'மாற்றாந்தாய்' கட்டுரையில் எழுதத்தக்க சொல். யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'சித்தி' என்று எழுதுங்கள்.

தலைப்பு

இளைஞர்கள் 'பேய் பங்களா' என்று வைத்திருந்தார்கள். மூலத்தலைப்பு, சித்தியின் சூழ்ச்சியால் இறந்து, ஆவியாக வந்து அதிகாரியிடம் நீதி கேட்கும் இரு சகோதரிகளைப் பற்றிய, ஜோசோன் என்ற பழைய கொரிய அரச வம்சக் காலத்துக் கதையிலிருந்து வருகிறது. ரோஜாவும் செந்தாமரையும் அவர்கள் பெயர்கள். கொரியப் பார்வையாளர் சித்தியைச் சந்தேகித்தபடியே அரங்கில் உட்காருகிறார், இயக்குநரும் அந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் விளையாடுகிறார். 'ரோஜா, செந்தாமரை' என்றே விட்டால் என்ன குறைந்துவிடும்?

கதவுச் சத்தம்

இதுபோன்ற சத்தங்களைச் சப்டைட்டிலில் எழுத வேண்டாம். காது கேளாதோருக்கான பதிப்பு தனி வேலை.

அலறல்

சப்டைட்டில் வரி அலறலைவிட அரை நொடி முந்தித் திரையில் வந்தாலும் பயம் போய்விடும்.