சூதாட்ட விழிப்புணர்வுக்கு சிஎஸ்ஆர் நிதி வாங்குவது எப்படி? சிறிய தொண்டு அமைப்புகளுக்கான செய்முறை

“ஆன்லைன் சூதாட்டம் குறித்து விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த இருக்கிறோம், நிதி உதவி செய்யுங்கள்” என்று எழுதிப் போகும் கடிதங்கள் பெரும்பாலும் பதில் இல்லாமலே நின்றுவிடுகின்றன. நிறுவனங்களுக்கு இந்தப் பிரச்சினையில் அக்கறை இல்லை என்று பொருளல்ல. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் யாருக்கு என்ன மாறியிருக்கும் என்பது அந்தக் கடிதத்தில் இருப்பதில்லை. விழிப்புணர்வு, உதவி கிடைக்கும் ஒரு வாசலில் போய் முடிய வேண்டும், அந்த வாசலுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்ட முடிய வேண்டும். திட்டத்தை அப்படி அமைத்தால், தமிழ்நாட்டில் ஒரு ஒன்றிய அளவில் வேலை செய்யும் சிறிய அமைப்புக்கும் சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பணம் கிடைக்கும்.

முதலில்: காகிதங்கள்

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை உங்கள் அமைப்பு வழியாகச் செலவு செய்ய வேண்டுமானால் உங்களிடம் 12ஏ பதிவு (அமைப்புக்கு வருமான வரி விலக்கு), 80ஜி பதிவு (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை), சிஎஸ்ஆர்-1 எண் மூன்றும் இருந்தாக வேண்டும். சிஎஸ்ஆர்-1 படிவம் 1-4-2021 முதல் கட்டாயம். ஆடிட்டர் சான்றளித்து, டிஜிட்டல் கையொப்பத்தோடு நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பான் கார்டில் ஒரு பெயர், அறக்கட்டளைப் பத்திரத்தில் வேறொரு பெயர் என்று இருந்தால் வேலை அங்கேயே சிக்கிக்கொள்ளும். “டிரஸ்ட்”, “அறக்கட்டளை” போன்ற சின்ன வித்தியாசத்தையும் முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள்.

அதே துறையில் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் விதிகளில் கேட்கப்படுகிறது. சூதாட்டத்தைப் பற்றி மட்டுமே 3 ஆண்டு வேலை செய்த அமைப்புகள் மிகக் குறைவு. மது மீட்பு, பள்ளி மாணவர் ஆலோசனை, மனநல முகாம் ஆகியவற்றில் செய்த வேலைகளை ஆண்டறிக்கையோடு காட்டுங்கள். அதுவும் இல்லாவிட்டால் 3 ஆண்டு தாண்டிய ஓர் அமைப்போடு கைகோத்து அவர்கள் பெயரில் விண்ணப்பிப்பதே நேர்மையான வழி.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பணம் அனுப்பலாமா என்று பலர் கேட்பதுண்டு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறி ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைக் கணக்கில் வாங்கவே கூடாது.

இரண்டாவது: எந்த நிறுவனத்தைக் கேட்பது

சிஎஸ்ஆரில் எந்தப் பணிகள் வரும் என்று பட்டியலிடும் கம்பெனிகள் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் “சூதாட்டம்” என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது “நோய்த் தடுப்பு உள்ளிட்ட மருத்துவ நலம்”. உங்கள் திட்டம் அதன்கீழ்தான் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் சூதாட்ட நோய்க்கு 6சி50 என்ற குறியீடு இருக்கிறது. விண்ணப்பத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால், “இது ஒழுக்கப் பிரச்சினை, சிஎஸ்ஆரில் வராது” என்று சொல்லும் அதிகாரிக்குப் பதில் கிடைத்துவிடும்.

நிறுவனத்தைத் தேட அவர்களின் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். ஆண்டறிக்கையின் பின்னிணைப்பைத் திறங்கள். எந்த மாவட்டம், எவ்வளவு தொகை, எந்த அமைப்பு வழியாக என்று சிஎஸ்ஆர் செலவைச் சில நிறுவனங்கள் அங்கே திட்டவாரியாகக் கொடுத்திருக்கும்; இல்லாவிட்டால் அவர்களின் இணையதளத்தில் உள்ள சிஎஸ்ஆர் திட்டப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் மாவட்டத்தில் ரூ.3 லட்சத்திலிருந்து ரூ.10 லட்சம் வரையிலான திட்டங்களுக்குப் பணம் கொடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் கடலூர்க்காரர்கள் முதலில் நெய்வேலியைப் பார்க்க வேண்டும், வடசென்னைக்காரர்கள் மணலியைப் பார்க்க வேண்டும்.

பந்தயம் நடத்துகிறவர்களிடமும் அவர்களுக்கு விளம்பரம் செய்து சம்பாதிப்பவர்களிடமும் கை நீட்டாதீர்கள். பிரிட்டனில் சூதாட்ட நிறுவனங்கள் தாமாக முன்வந்து கொடுத்த பணத்தில்தான் பல ஆண்டுகள் தடுப்புப் பணி நடந்தது. அது பணம் கொடுப்பவரின் விருப்பத்துக்கு ஏற்ப ஆடும் என்ற விமர்சனம் தொடர்ந்து இருந்ததால், 2025 ஏப்ரல் முதல் அதைக் கட்டாயத் தீர்வையாக மாற்றிவிட்டார்கள். சிறிய அமைப்புக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஒருமுறை அந்தப் பணத்தை வாங்கிவிட்டால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது: தேவையைச் சொல்வது

விண்ணப்பத்தில் அதிகம் கோட்டை விடப்படுவது இங்கேதான். “இன்றைய இளைஞர்கள் ஆன்லைன் சூதாட்டத்தால் சீரழிந்து வருகிறார்கள்” என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. நாளிதழில் வந்த தற்கொலைச் செய்திகளை ஒட்டி அனுப்புவதும் உதவாது. உங்கள் ஒன்றியத்தில் நிலைமை என்ன என்பதற்கு நீங்களே எடுத்த ஒரு சிறிய கணக்கெடுப்பு வேண்டும். 300 பேர் போதும்.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம். “சூதாடுவீர்களா?” என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். ரம்மி ஆடுபவர் அதை கேம் என்பார், கிரிக்கெட்டில் பணம் கட்டுபவர் அதைக் கணிப்பு என்பார். ஆகவே ரம்மி, கிரிக்கெட், மூணு நம்பர் லாட்டரி, சேவல் சண்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, “இதில் கடந்த 12 மாதத்தில் பணம் கட்டியதுண்டா?” என்று கேளுங்கள். ஆம் என்றவரிடம் மட்டும் இன்னும் இரண்டு கேள்விகள்:

“இன்னும் கூடுதலாகப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதுண்டா?”

“எவ்வளவு ஆடினீர்கள் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா?”

1997-லிருந்து உலகெங்கும் பயன்படும் இரட்டைக் கேள்வி முறை இது. ஒன்றுக்கு ஆம் என்றாலும் அவரிடம் விரிவாகப் பேச வேண்டும் என்றுதான் பொருள். நோய் இருக்கிறது என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. மனைவியையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்வியைக் கேட்டால் பதிலும் பொய்யாகவே வரும். பெயர், போன் நம்பர் எழுதாதீர்கள். வயது, பால், ஊர் போதும்.

“இப்போதுதான் தடை செய்துவிட்டார்களே, இன்னும் எதற்கு விழிப்புணர்வு?” என்று நிறுவனத்தில் கட்டாயம் கேட்பார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது உண்மை. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்தது என்பதையும், மூணு நம்பர் லாட்டரி வழக்குகள் இன்றும் பதிவாவதையும் எடுத்துச் சொல்லுங்கள். தடை வந்தால் கடை மூடும். ஆடிப் பழகிய கையும் வாங்கிய கடனும் அப்படியே இருக்கும்.

நான்காவது: திட்டம்

மாரத்தான், ஒருநாள் நிகழ்ச்சி, விளம்பரம், டிவி நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் போன்ற ஒற்றைச் செலவுகள் சிஎஸ்ஆர் ஆகாது என்று அமைச்சகம் 2014 ஜூன் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஆகவே “பேரணி” என்ற சொல்லே விண்ணப்பத்தில் வேண்டாம். 9 மாதமோ 12 மாதமோ ஓடுகிற, தொடக்கமும் முடிவும் அளவீடும் உள்ள ஒரு திட்டமாக எழுதுங்கள்.

வாசல் என்று முதலில் சொன்னது இதைத்தான். மத்திய அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு “நட்புடன் உங்களோடு” என்று பெயர். அடுத்த வாசல், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனை. சிக்கல் என்னவென்றால், 14416-க்கு உங்கள் ஒன்றியத்திலிருந்து எத்தனை பேர் பேசினார்கள் என்ற கணக்கு உங்கள் கைக்கு வராது. ஆகவே எண்ணுவதற்குச் சீட்டு அடித்துக்கொள்ளுங்கள்: உள்ளங்கை அளவு, வரிசை எண், ஊருக்கு ஒரு நிறம், பின்பக்கம் மருத்துவர் இருக்கும் நாளும் நேரமும். பெயர் எழுதும் இடமே இருக்கக் கூடாது. களப் பணியாளர் கொடுக்கும் சீட்டை வருபவர் மருத்துவமனையில் ஒரு பெட்டியில் போடுவார். மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தால் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். மாவட்ட மனநலத் திட்ட அலுவலரின் ஒப்புதல் கடிதத்தை வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். அது இல்லாமல் பெட்டி வைக்க விடமாட்டார்கள்.

கூட்டம் சேர்க்கத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாதந்தோறும் கூடுகின்றன. கணவர் எடுத்த கடனைப் பற்றி முதலில் பேச்சு வருவது அங்கேதான். பள்ளிக்குள் போவதற்கு முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. தலைமை ஆசிரியரின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பி அட்டவணை போட்டால் கடைசி நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

வாசகங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீட்டுக்கட்டு, பறக்கும் ரூபாய் நோட்டு, ஜெயித்தவர் முகம் எதையும் போடாதீர்கள். மீள முயல்கிறவருக்கு அதுவே ஆசையைக் கிளப்பிவிடும். தூக்குக் கயிறு படம் வேண்டவே வேண்டாம். தற்கொலை முறையைக் காட்டினால் மற்றவர்களும் அதைப் பின்பற்றும் ஆபத்து இருக்கிறது. “சூதாடி” என்ற பட்டமும் கூடாது, அந்தச் சொல்லைப் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். பஸ் நிறுத்தத்தில் 6 அடிக்கு 4 அடி சுவரில் இந்த அளவு போதும்:

விட்ட பணத்தைப் பிடிக்க மறுபடியும் பணம் கட்டுகிறீர்களா?
வீட்டில் சொல்ல முடியவில்லையா?
14416-இல் பேசுங்கள். இலவசம்.

விட்டதைப் பிடிக்க ஆடுவதும், வீட்டில் மறைப்பதும் மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள். படிக்கிறவர் அதில் தன்னையே அடையாளம் கண்டுகொள்வார். “பயப்படாமல் வாங்க, தண்டனை கிடையாது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2025 மத்திய சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் 3 மாதம் வரை சிறையோ ரூ.5,000 வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. “பேசுவது ரகசியமாக இருக்கும்” என்பதோடு நிறுத்துங்கள்.

ஐந்தாவது: பட்ஜெட்

ஒரு ஒன்றியம், 20 ஊர், 9 மாதம் என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரி போட்டுப் பார்ப்போம். உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

களப் பணியாளர் 2 பேர், மாதம் ரூ.15,000 வீதம்: ரூ.2,70,000
மனநல ஆலோசகர், மாதம் 4 நாள், நாளுக்கு ரூ.2,000: ரூ.72,000
வீதி நாடகம் 20, ஒன்றுக்கு ரூ.5,000: ரூ.1,00,000
சுவரெழுத்து 40, ஒன்றுக்கு ரூ.750: ரூ.30,000
துண்டறிக்கையும் சீட்டும்: ரூ.20,000
பயணம், மாதம் ரூ.4,000: ரூ.36,000
தொண்டர் பயிற்சி, 30 பேர், 2 நாள், தலைக்கு நாளுக்கு ரூ.400: ரூ.24,000
முதல் கணக்கெடுப்பும் கடைசிக் கணக்கெடுப்பும், 600 பேட்டி, ஒன்றுக்கு ரூ.50: ரூ.30,000
கணக்கு, தணிக்கை: ரூ.18,000

மொத்தம் ரூ.6,00,000. ஆள் சம்பளம் பாதிக்கு மேல் வருகிறதே என்று பயந்து அதைக் குறைத்துவிட்டு, நோட்டீஸ் செலவை ஏற்றிக் காட்டுபவர்கள் உண்டு. இந்த வேலையில் பலன் தருவது நோட்டீஸ் அல்ல, அதைக் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசும் ஆள்தான். அதை அப்படியே எழுதுங்கள்.

“நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது” என்று சொல்லி உங்கள் தணிக்கைச் செலவையும் வெட்டப் பார்ப்பார்கள். அந்த 5 சதவீத வரம்பு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கானது. திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட ஆகும் நேரடிச் செலவு அதில் சேராது. 2021-இல் திருத்தப்பட்ட விதியிலேயே இது இருக்கிறது. பணிவாக எடுத்துக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள்.

பேனரில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு நன்றி சொல்லலாம். அவர்கள் தயாரிக்கும் பொருளுக்கு விளம்பரம் செய்தால் சிஎஸ்ஆர் தகுதியும் போகும், உங்களுக்கு ஜிஎஸ்டி சிக்கலும் வரும்.

ஆறாவது: கொடுக்கும் நேரம், கணக்கு முடிக்கும் விதம்

நிறுவனங்களின் ஆண்டுத் திட்டம் நிதியாண்டின் தொடக்கத்தில் முடிவாகும். ஆகவே அக்டோபர் முதல் ஜனவரிக்குள் 2 பக்கச் சுருக்கத்தை அனுப்பிவிட்டு, கேட்டால் முழு விண்ணப்பம் கொடுங்கள். மார்ச்சில் மிச்சப் பணத்தைத் தள்ளிவிட யாராவது கூப்பிடக்கூடும். 9 மாத வேலையை 3 வாரத்தில் முடித்ததாகக் காட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். “தொடர் திட்டம்” என்று நிறுவனத்தின் போர்டு முன்பே தீர்மானித்திருந்தால், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு 3 ஆண்டுக்குள் செலவழிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்று கேட்பார்கள், ஏனென்றால் பணம் சொன்னபடி செலவானது என்று அந்த நிறுவனத்தின் நிதித் தலைவர் சான்று தர வேண்டியிருக்கிறது. திட்டத்துக்குத் தனிப் பேரேடு வையுங்கள். ஒவ்வொரு ரசீதின் முதுகிலும் திட்டப் பெயரும் பட்ஜெட் வரி எண்ணும் அன்றன்றே எழுதிவிடுங்கள். நாடகக் குழுவுக்குக் கையில் பணம் கொடுத்துவிட்டு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினால் தணிக்கையில் அந்தச் செலவு தள்ளுபடியாகும், வங்கியில் போடுங்கள்.

கடைசித் தவணை பெரும்பாலும் இறுதி அறிக்கை கொடுத்த பிறகுதான் வரும், சில நேரம் 2 மாதம்கூட ஆகும். அதுவரை இரண்டு களப் பணியாளர்களின் கடைசி மாதச் சம்பளத்துக்கான ரூ.30,000-ஐ அமைப்பின் சொந்தப் பணத்தில் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். ஊரில் சீட்டு வாங்கியவர்களுக்குத் தெரிந்த முகம் அவர்களுடையதுதான்.